சவுண்டர் மொடியூலும் அந்தச் சின்ன ரெசிஸ்டரும்

வீட்டு வயரிங்கில் கைதேர்ந்த ஒருவர் முதன்முதலாகத் தீ எச்சரிக்கை வேலைக்குப் போனால், சவுண்டரை, அதாவது தீயின்போது சத்தம் போடும் கருவியை, இயக்கும் மொடியூலோடு பைக்குள் வரும் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பார்த்துத்தான் முதலில் யோசிப்பார். சவுண்டருக்கு இரண்டு வயர் போனால் போதாதா, இது எதற்கு? சிலர் அதைச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் பெட்டியான பெனல் 'ஃபோல்ட்' (பழுது) என்று கத்தத் தொடங்கியதும் திரும்பி வந்து, மொடியூலின் டேர்மினலிலேயே அதைச் செருகி, "சரி, ஃபோல்ட் போயிட்டுது" என்று கிளம்பிவிடுவார்கள். பெனலும் அமைதியாகிவிடும். ஆனால் அந்த மாடியின் சவுண்டர்களுக்குப் போகும் வயரை அதற்குப் பிறகு எதுவும் கவனிப்பதில்லை. எலி கடித்து அறுத்தாலும் தெரியாது. தீ பிடிக்கும் நாளில்தான் தெரியவரும்.

பாசிக்குடா ஹோட்டல்கள், காத்தான்குடி, கல்முனைக் கடைத்தெருக்களின் மாடிக் கட்டடங்கள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகக் கட்டடங்கள் என்று இந்த வகை வேலைக்கு நம் பக்கத்தில் இடம் இருக்கிறது. எலெக்ட்ரீசியன் வேலை தெரிந்த தம்பிமாருக்கு இது தூரத்து வித்தையும் இல்லை. ஆனால் வீட்டு வயரிங்கின் பழக்கம் ஒன்றிரண்டை இங்கே விட்டுவிட வேண்டும். எதை விட வேண்டும், ஏன் விட வேண்டும் என்பது, மொடியூல் சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்று விளங்கினால் தானாகப் புரியும்.

முதலில் பெனலைப் பற்றிக் கொஞ்சம். பழைய சாதாரணப் பெனல்கள் கட்டடத்தைச் சில வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்துக்கும் தனி வயர் இழுத்திருக்கும். இரண்டாம் வலயத்தில் தீ என்று மட்டும் சொல்லும். எந்த அறை என்று ஓடித் தேடுவது நம் பாடு. ஒவ்வொரு கருவியையும் அதன் எண்ணால் அறியும் அட்ரஸபிள் பெனலில் பெரும்பாலும் ஒரே சோடி வயர் பெனலில் புறப்பட்டு, கட்டடம் முழுக்கச் சுற்றி, திரும்பவும் பெனலுக்கே வந்து சேரும். இதைத்தான் லூப் என்கிறோம். புகை டிடெக்டர், வெப்ப டிடெக்டர், கண்ணாடியை அழுத்தும் கோல் பொயிண்ட், மொடியூல் எல்லாம் அந்த ஒரே லூப்பில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வகுப்பில் ஆசிரியர் இடாப்புக் கூப்பிடுவதுபோல, பெனல் ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூப்பிடப்பட்டது தன் நிலையைச் சொல்லும். பதில் வராத எண்ணைப் பெனல் உடனே திரையில் காட்டிவிடும்.

ஒரு லூப்பில் எத்தனை எண் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. அப்பலோவின் எக்ஸ்பி95, டிஸ்கவரி வகைகளில் ஒரு லூப்புக்கு 126. டிடெக்டரும் மொடியூலும் அந்த 126-ஐப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நோட்டிஃபயரின் புதிய முறையில் டிடெக்டருக்கு 159, மொடியூலுக்குத் தனியாக 159. அதனால் அங்கே 5-ஆம் எண் டிடெக்டரும் 5-ஆம் எண் மொடியூலும் சண்டையில்லாமல் ஒரே லூப்பில் இருக்கலாம். அந்த அப்பலோ வகைகளில் அப்படிச் செய்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பிவிடும். ஒரு கம்பனிப் பெனலில் பழகியவர் மற்றதற்கு மாறும்போது இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, சவுண்டரையும் நேராக லூப்பிலேயே தொங்கவிட்டால் என்ன? அப்படி லூப்பிலேயே ஓடும் சவுண்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. சின்னக் கட்டடத்துக்கு அது நல்ல வழி, மொடியூலே தேவையில்லை. ஆனால் லூப் வயர் முக்கியமாகப் பேச்சுக்கானது. அதில் கிடைக்கும் கரண்ட் கொஞ்சம்தான். சும்மா இருக்கும் ஒரு மொடியூலுக்கு ஒரு மில்லி அம்பியரில் ஒரு பகுதி போதும். சத்தம் போடும் சவுண்டர் ஒன்று இருபது மில்லி அம்பியர் கேட்கும். கண்ணைப் பறிக்கும் ஸ்ட்ரோப் விளக்கு நூறுக்குக் கிட்டக் கேட்கும். ஒரு மாடி முழுவதும் இவை நிறைந்தால் லூப் தாங்காது. எனவே பலத்துக்குத் தனியாக 24 வோல்ட் பவர் சப்ளை ஒன்று வைக்கிறோம். லூப்பில் வரும் கட்டளையைக் கேட்டு, அந்த 24 வோல்ட்டைச் சவுண்டர் லைனுக்குத் திறந்துவிடுவது மொடியூலின் வேலை. மொடியூலில் மூன்று சோடி டேர்மினல்கள் இருப்பதன் காரணம் இதுதான்: லூப்புக்கு ஒன்று, 24 வோல்ட்டுக்கு ஒன்று, சவுண்டர் லைனுக்கு ஒன்று. சிலவற்றில் லூப் உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி இடம் இருக்கும்.

கடையில் வாங்கும்போதே ஒன்றைப் பாருங்கள். இதே அளவு, இதே நிறப் பெட்டியில் ரிலே மொடியூல் என்று ஒன்றும் வரும். அது லிஃப்டைக் கீழே இறக்க, ஏசியை நிறுத்த, கதவுக் காந்தத்தை விடுவிக்கப் பயன்படும் வெறும் சுவிட்ச். லைனைக் கண்காணிக்காது. சவுண்டருக்கு அதை மாட்டினால் சத்தம் வரும்தான், ஆனால் வயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது. பெட்டியின் மேல் உள்ள மாடல் எண்ணை வாசிக்காமல் கையில் எடுக்காதீர்கள்.

சும்மா இருக்கும்போது என்ன நடக்கிறது

தீ எச்சரிக்கைக் கருவி வருடத்தில் ஏறக்குறைய எல்லா நாளும் சும்மாதான் இருக்கும். விளக்கு எரியாவிட்டால் வீட்டில் அன்றிரவே தெரிந்துவிடும். சவுண்டர் லைன் அறுந்தது அப்படித் தெரியவராது. ஆகவே மொடியூல் தானே அந்த லைனை எந்நேரமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அது செய்யும் விதம் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு சவுண்டருக்குள்ளும் ஒரு டயோட் உண்டு. டயோட் ஒரு பக்கமாக மட்டும் கரண்ட்டை விடும். தீ இல்லாத நேரத்தில் மொடியூல் சவுண்டர் லைனுக்குள் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தலைகீழாக அனுப்புகிறது. பிளஸ் வர வேண்டிய வயரில் மைனஸ், மைனஸ் வர வேண்டியதில் பிளஸ். சவுண்டர்களின் டயோட் அதைத் தடுத்துவிடுவதால் எதுவும் சத்தம் போடாது. கரண்ட் போக மிஞ்சியிருக்கும் ஒரே பாதை, லைனின் கடைசியில் இருக்கும் அந்த ரெசிஸ்டர். ஈ.ஓ.எல். (எண்ட் ஒஃப் லைன், லைனின் முடிவு) என்று வேலைக்காரர் சொல்வது இதைத்தான். மொடியூல் எதிர்பார்த்த அளவு சின்னக் கரண்ட் திரும்பி வந்தால் லைன் நலம். ஒன்றுமே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறி வந்தால் எங்கோ இரண்டு வயரும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று செய்தியும் அந்த ஒரு ரெசிஸ்டரை நம்பித்தான்.

தீ என்று பெனல் கட்டளை இட்டதும் மொடியூல் உள்ளே ரிலேயைப் புரட்டி, முழு 24 வோல்ட்டைச் சரியான திசையில் விடும். இப்போது டயோட் வழிவிடும், சவுண்டர்கள் கத்தும்.

பல வயரிங் விதிகள் இதிலிருந்தே பிறக்கின்றன. ஈ.ஓ.எல். கடைசிச் சவுண்டருக்குள்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் மொடியூலால் பார்க்க முடிவது அதுவரைதான். சவுண்டர் லைனில் நடுவில் கிளை பிரிக்கக் கூடாது, ஏனென்றால் கிளை அறுந்தாலும் ரெசிஸ்டருக்குப் போகும் பாதை அப்படியே இருக்கும், மொடியூலும் நலம் என்றே சொல்லும். வீட்டு வயரிங்கில் ஜங்ஷன் பொக்ஸில் இருந்து நாலு பக்கமும் இழுக்கும் பழக்கம் நம் கையோடு பிறந்தது. இங்கே அது ஆகாது. ஒரு சவுண்டரில் இருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கு அடுத்ததற்கு என்று சங்கிலியாகத்தான் போக வேண்டும்.

இன்னொரு கள்ள வழியும் உண்டு. வயரை வெட்டாமல், தோலை மட்டும் சீவி, டேர்மினல் ஸ்குரூவுக்கு அடியில் வளைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. வேலை சுறுசுறுப்பாக முடியும். ஆனால் அந்த ஸ்குரூ தளர்ந்து சவுண்டர் கழன்றாலும் வயர் முழுதாகவே இருப்பதால் மொடியூலுக்குத் தெரியாது. வெட்டி, உள்ளே வரும் முனையை ஒரு டேர்மினலிலும் வெளியே போகும் முனையை மற்றதிலும் தனித்தனியாக இறுக்குங்கள்.

பிளஸ் மைனஸ் மாறினால்? மாறிய சவுண்டரின் டயோட் சும்மா இருக்கும் நேரத்தில் வழிவிடும். பெனல் ஃபோல்ட் காட்டலாம். அதைவிடக் கவலையான விஷயம், உண்மையான தீயின்போது அந்தச் சவுண்டர் ஊமையாக இருக்கும். இங்கே புதியவர்களை ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. மல்ட்டிமீற்றரைச் சவுண்டர் டேர்மினலில் வைத்துப் பார்த்தால், பிளஸ் என்று போட்டிருக்கும் இடத்தில் மைனஸ் சில வோல்ட் காட்டும். ஐயோ, மாறிப் போச்சு என்று வயரைப் புரட்டி மாட்டிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது அது தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். டேர்மினலில் அச்சிட்டிருப்பது தீயின்போது வரும் திசை.

ரெசிஸ்டரின் அளவைக் கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டாம். சில மொடியூல்களுக்கு 47 கிலோ ஓம், சிலவற்றுக்கு 10 கிலோ ஓம். பொதியோடு வந்ததையே போடுங்கள். தொலைத்துவிட்டால் கையேட்டில் சொன்ன அளவையே வாங்குங்கள். கிட்டத்தட்ட இருந்தால் போதும் என்று ரேடியோக் கடைப் பெட்டியில் பொறுக்கினால், ஃபோல்ட் வந்து போய் வந்து போய் உயிரை எடுக்கும்.

கடைசிச் சவுண்டரில் இருந்து வயரைத் திரும்பவும் மொடியூலுக்கே கொண்டுவரும் நான்கு வயர் முறையும் இருக்கிறது. அமெரிக்க விதியில் அதை ஏ வகுப்பு என்பார்கள். ஓரிடத்தில் அறுந்தால் ஃபோல்ட் வரும், ஆனாலும் இரு பக்கத்தாலும் கரண்ட் போய் எல்லாச் சவுண்டரும் கத்தும். செலவு கூடும். நோயாளர் விடுதி போன்ற இடங்களுக்கு அந்தச் செலவு தகும்.

கணக்குப் பார்க்காமல் கேபிள் இழுக்கக் கூடாது

கல்லடியில் மூன்று மாடி விடுதி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு ஒரு மொடியூல். ஒரு மாடியில் ஆறு சவுண்டர், 20 மில்லி அம்பியர் வீதம் 120. மூன்று ஸ்ட்ரோப், 90 வீதம் 270. மொத்தம் 390 மில்லி அம்பியர், அதாவது 0.39 அம்பியர். கேபிள் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு, தூரம் 60 மீற்றர். போக வர 120 மீற்றர். 1.5 கேபிளின் தடை கிலோமீற்றருக்கு 12.1 ஓம். ஆக 1.45 ஓம், இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். கவலையில்லை.

இப்போது பாசிக்குடாவில் கடற்கரையோரம் தனித்தனிக் குடில்கள் உள்ள ஹோட்டல் ஒன்றை எடுங்கள். தூரம் 250 மீற்றர், சுமை 1 அம்பியர். போக வர 500 மீற்றருக்கு 6.05 ஓம். இழப்பும் 6.05 வோல்ட். பற்றரி இறங்கிய நிலையில் 24 வோல்ட் சப்ளை 20.4 வரை வரலாம் என்று வைத்தே கணக்குப் பார்ப்பது வழக்கம். 20.4-இல் 6.05 போனால் 14.35. அமெரிக்க முறையில் இந்த வகைச் சவுண்டர்களின் அடி எல்லை 16 வோல்ட். ஆகவே கரண்ட் இருக்கும் நாளில் சோதனை செய்தால் எல்லாம் கத்தும், கரண்ட் போய்ப் பற்றரி இறங்கிய இரவில் கடைசிக் குடில்கள் மௌனமாகிவிடும். 2.5 கேபிள் போட்டால் இழப்பு 3.7 ஆகும், 16.7 மிஞ்சும். மயிரிழையில் தப்பும். அதைவிட நல்ல வழி, பவர் சப்ளையையும் மொடியூலையும் குடில்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. லூப்பில் கரண்ட் குறைவு என்பதால் அது தூரம் போகலாம். பாரமான கரண்ட்டுக்கு மட்டும் பாதை சுருங்கிவிடும். என் அபிப்பிராயத்தில் அட்ரஸபிள் மொடியூலின் உண்மையான வசதியே இதுதான். நம் பக்கத்தில் பலரும் எல்லா மொடியூலையும் பெனலுக்கு அருகில் வரிசையாக அடித்துவிட்டு இந்த வசதியை வீணாக்குகிறார்கள்.

மொடியூல் தாங்கும் உச்சக் கரண்ட்டும் கையேட்டில் இருக்கும். பலவற்றில் 2 அம்பியர். பவர் சப்ளையின் எல்லை வேறு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

பற்றரிக்கும் இதே மாதிரி. பிரித்தானிய முறையில் வழக்கமாக 24 மணி நேரம் சும்மா இருந்து, அதன் பிறகு அரை மணி நேரம் முழுச் சத்தம் போட வேண்டும். சும்மா இருக்கும்போது 0.3 அம்பியர் என்றால் 7.2 அம்பியர் மணி. சத்தத்துக்கு 1.5 அம்பியர் அரை மணி நேரம் என்றால் 0.75. கூட்டினால் 7.95. பற்றரி பழசாகும் என்று கால் பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 10. கடையில் 12 அம்பியர் மணிப் பற்றரி இரண்டை வாங்கித் தொடராக இணைக்கலாம். தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். நம் வெயிலுக்குச் சீக்கிரம் செத்துவிடும்.

சவுண்டர் எத்தனை என்பதைச் சத்தத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பிரித்தானிய முறையில் பொது இடங்களில் சாதாரணமாக 65 டெசிபல், ஆட்கள் தூங்கும் இடத்தில் தலைமாட்டில் 75. மூடிய கதவு ஒன்று 20 டெசிபல் அளவுக்கு விழுங்கும். அதனால் நடைபாதையில் மட்டும் சவுண்டர் மாட்டிய விடுதியில், ஏசி போட்டுக் கதவைச் சாத்தித் தூங்குகிறவருக்குக் கேட்காமலே போகலாம். எந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்று மாநகர சபையிலோ உங்கள் பிரதேச சபையிலோ வரைபடம் போடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மாட்டுவது

வேலை தொடங்க முன் பெனலின் 230 வோல்ட்டையும் பற்றரியையும் இரண்டையும் கழற்றுங்கள். மெயினை மட்டும் நிறுத்தினால் பற்றரியில் பெனல் உயிரோடுதான் இருக்கும். கேபிள் சிவப்பு நிறத் தீத்தாங்கும் வகை. 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் போடக் கூடாது.

கேபிள் இழுத்து முடிந்ததும், எந்தக் கருவியையும் மாட்டும் முன்பே மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் மீற்றரை வைத்துப் பாருங்கள். மொடியூலை மாட்டிவிட்டு 500 வோல்ட் மெகரைச் சுற்றினால் மொடியூல் கருகிவிடும். பெரிய ஹோட்டல் வேலைகளில் இது பணம் தின்னும் தவறு. ஷீல்ட் உள்ள கேபிள் என்றால் அந்த ஷீல்டை ஒவ்வொரு பொக்ஸிலும் தொடர்ச்சியாக இணைத்து, பெனலில் மட்டும் ஒரு முனையை எர்த் பண்ணுங்கள். வழியில் எங்கும் எர்த் தொடக் கூடாது.

எண்ணை மொடியூலைச் சுவரில் இறுக்கும் முன்பே வைத்துவிடுங்கள். சிலவற்றில் இரண்டு சுழலும் சுவிட்ச் இருக்கும், ஒன்று பத்துகள், மற்றது ஒன்றுகள். எண் 15 என்றால் முதலாவதை 1-இலும் இரண்டாவதை 5-இலும் வைக்கச் சின்ன ஸ்குரூ டிரைவர் போதும். சிலவற்றில் வரிசையாக ஏழு சின்ன சுவிட்ச். அவற்றைக் கையேட்டில் உள்ள அட்டவணைப்படி தள்ள வேண்டும். எண்ணை மொடியூல் மூடியிலும் வரைபடத்திலும் மார்க்கரால் எழுதுங்கள். பொக்ஸ் ஆழமானதாக வாங்குங்கள். இத்தனை வயரும் மொடியூலும் சாதாரண சுவிட்ச் பொக்ஸில் நெரிந்து, மூடியை இறுக்கும்போதே வயர் நசுங்கும்.

லூப்பில் ஐசொலேற்றர் என்ற சின்னக் கருவிகளையும் இடையிடையே போடுவார்கள். ஓரிடத்தில் ஷோர்ட் ஆனால் இரு பக்கத்து ஐசொலேற்றரும் அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிடும். மிச்சம் இரண்டு வழியாலும் பேசிக்கொண்டிருக்கும். சில மொடியூல்களுக்குள்ளேயே இது இருக்கிறது.

24 வோல்ட் வயரையும் மறக்க வேண்டாம். சவுண்டர் லைன் நலமாக இருந்து, மொடியூலுக்கு வரும் 24 வோல்ட் மட்டும் போய்விட்டால் சத்தம் வராது. சில மொடியூல்கள் இதைத் தாமே பெனலுக்குச் சொல்லும். சொல்லாதவற்றுக்கு, 24 வோல்ட் லைனின் கடைசியில் ஒரு ரிலே வைத்து, அது விழுந்தால் ஃபோல்ட் வரும்படி பெனலுக்குச் செய்தி சொல்லும் ஓர் இன்புட் மொடியூலோடு கட்டுவார்கள்.

பெனலில் நிரல் எழுதுவது அடுத்தது. 15-ஆம் எண் ஒரு சவுண்டர் மொடியூல், எந்த டிடெக்டர் கத்தினால் இது கத்த வேண்டும் என்று சொல்லாவிட்டால், எவ்வளவு அழகாக வயர் பண்ணினாலும் ஒன்றும் நடக்காது. அதைப் பெனல் கம்பனியில் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள்.

நம் பக்கத்து எதிரிகள் நான்கு: உப்புக் காற்று, எலி, எறும்பு, இடி. கடலோரத்தில் டேர்மினலும் ஸ்குரூவும் பச்சை பிடிக்கும். வாடைக் காலத்து ஈரத்தில் எர்த் ஃபோல்ட் வரிசையாக வரத் தொடங்கும். வெளியே வைக்கும் பொக்ஸ் நீர் புகாததாகவும், கேபிள் நுழையும் கிளாண்ட் அடிப்பக்கத்தில் இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். சீலிங்குக்கு மேல் கேபிளைக் குழாய்க்குள் போட்டால் எலியின் பல் படாது. கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் எறும்பு கூடு கட்டும். கட்டடத்தில் இருந்து கட்டடத்துக்கு வெளியால் போகும் லூப்புக்கு இரு முனையிலும் மின்னல் தடுப்புக் கருவி போடாவிட்டால், சித்திரை, ஐப்பசி மாதத்து இடி ஒன்றே பல மொடியூல்களைக் கொண்டுபோய்விடும்.

சோதனையை யாரும் இரண்டு நிமிடத்தில் முடிக்கக் கூடாது. கடைசிச் சவுண்டரில் ஒரு வயரைக் கழற்றுங்கள். பெனல் சரியான எண்ணைக் காட்டி ஃபோல்ட் சொல்ல வேண்டும். திரும்ப மாட்டி, இரண்டு வயரையும் தொட வையுங்கள். ஷோர்ட் என்று வேறுவிதமாகச் சொல்ல வேண்டும். பிறகு நடுவிலுள்ள ஒவ்வொரு சவுண்டரையும் ஒவ்வொரு முறை கழற்றிப் பாருங்கள். கழற்றியும் ஃபோல்ட் வராத சவுண்டர் ஒன்று இருந்தால், அங்கே யாரோ கிளை பிரித்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் வயரை வெட்டாமல் வளைத்திருக்கிறார்கள். கடைசியாக 230 வோல்ட்டை நிறுத்தி, பற்றரியில் மட்டும் முழுச் சத்தத்தையும் எழுப்பி, ஆகத் தூரத்துச் சவுண்டரில் மல்ட்டிமீற்றரை வையுங்கள். கணக்கில் போட்ட வோல்ட்டுக்குக் கிட்ட வருகிறதா பாருங்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் ஹோட்டலிலோ வைத்தியசாலையிலோ இதைச் செய்யும்போது ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பெனலில் சவுண்டர்களைத் தற்காலிகமாக முடக்கி வைப்பது வழக்கம். வேலை முடிந்து சாமானைக் கட்டும் முன் பெனல் திரையில் முடக்கப்பட்டவை என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் ஓர் எண்ணாவது மிஞ்சியிருந்தால் இன்னும் வேலை முடியவில்லை.